மூக்குக்காரர் முகர்ந்த மண்

அத்தியாயம் 5

“கண்டுபிடிச்சது சரிம்மா. எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்கக் கூடாதா?”

கண்ணாடியம்மாவிடம் ஒரு பெண்மணி ஒருமுறை இப்படிக் கேட்டாள். வீட்டில் நகை திருடுபோன வழக்கு அது. எடுத்தது வேலைக்காரி இல்லை, பெற்ற மகன்தான் என்று ஆதாரத்தோடு போய்ச் சொன்னபோது, அந்தத் தாய் அழவில்லை, மறுக்கவில்லை. இதை மட்டும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். கண்ணாடியம்மா அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வழக்குகள் முடிந்துவிட்டன. அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை.

இன்று, வரிசை வரிசையாகச் செத்துக் கிடந்த செடிகளுக்கு நடுவில் நிற்கும்போது, அந்தக் கேள்வி ஏனோ ஞாபகம் வந்தது.

“இந்தப் பக்கம் ஒரு செடிகூட மிஞ்சலைக்கா” என்றான் ஸ்பீக்கர். “நான் பழைய வேலையில இருந்தப்பகூட ஒரே இடத்துல இத்தனை பேரைப் பாத்ததில்ல.”

ஸ்பீக்கரின் பழைய வேலை சவ வண்டி ஓட்டுவது. ‘என் வண்டியில ஏறின யாரும் இதுவரைக்கும் குறை சொன்னதில்ல’ என்பது அவனுடைய நற்சான்று. இப்போது கண்ணாடியம்மாவின் வேனை ஓட்டுகிறான், கூடவே அவளுக்கு உதவியாளன். வாய் மூடாதவன் என்பதால் அந்தப் பெயர். கண்ணாடியம்மாவுக்கு அந்தப் பெயர் வந்ததற்கு அவளுடைய தடித்த மூக்குக் கண்ணாடி காரணம். துப்பறியும் தொழிலுக்கு அவள் வைத்திருந்த கருவியும் அது ஒன்றுதான்.

செடிப் பண்ணையின் சொந்தக்காரி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கணவனை இழந்தவள். அவன் விட்டுப்போன நிலத்தில் நாற்று வளர்த்து விற்றுப் பிழைக்கிறாள்.

“சாயங்காலம் சுகாதார அதிகாரி வர்றார் மேடம். அவன் கடைக்குச் சீல் வைக்கணும்னு மனு குடுத்திருக்கேன். ஆதாரம் எங்கேன்னு கேக்குறார். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.”

‘அவன்’ என்றது மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவனை. அவள் கணவனின் தம்பி. அண்ணனும் தம்பியும் பங்கு பிரித்த நிலத்தில் தன் பாதியில் மோட்டார் சைக்கிள் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறான். அவள் நிலத்திலும் கிணற்றிலும் பெட்ரோல் ஊற்றிச் செடிகளைக் கொல்வது அவன்தான் என்பது அவளுடைய புகார். நிலம் முழுவதையும் அவனே எடுத்துக்கொள்ளப் பார்க்கிறானாம்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் எஞ்சின் உறுமி நின்றது. கூடவே ஒரு குரல் எழும்பியது.

“அண்ணீ! துப்பறிய ஆள் வந்தாச்சா? நல்லாத் தேடச் சொல்லுங்க! அப்படியே எங்க அண்ணன் செத்த பிறகு உங்க நல்ல புத்தி எங்க போச்சுன்னும் சேத்துத் தேடச் சொல்லுங்க!”

“பாத்தீங்களா வாயை?” என்றாள் செடிக்காரி.

“நல்ல குரல்” என்றான் ஸ்பீக்கர். “மைக் இல்லாமலே மூணு தெரு கேக்கும். எனக்கே போட்டி.”

மதில் சுவரின் நடுவில் ஒரு சின்ன இரும்புக் கதவு இருந்தது. அதைச் சுற்றிச் சுற்றிக் கம்பி போட்டு இறுக்கி முறுக்கியிருந்தார்கள்.

“இது?”

“அவர் இருந்தப்போ வெச்சது. இந்த வீட்டுச் சோறு அந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கத்துல இருந்து அவன் வந்து மோட்டார் ரிப்பேர் பண்ணிக் குடுப்பான். இப்ப நான்தான் கம்பி போட்டேன்.”

கண்ணாடியம்மா கதவோரம் குனிந்து பார்த்தாள். ஒர்க் ஷாப்புக்கு மிக அருகில், சுவரை ஒட்டி நின்ற குரோட்டன்ஸ் செடிகள் பளபளவென்று இருந்தன. செத்த செடிகள் எல்லாம் நிலத்தின் மறுகோடியில், கிணற்றுப் பக்கத்தில் இருந்தன.

“பக்கத்துல இருக்கிறதை விட்டுட்டு அவ்வளவு தூரம் போயா ஊத்துவான்?”

“சந்தேகம் வரக் கூடாதுன்னு செய்றான் மேடம்.”

“பெட்ரோல் விக்கிற விலையில, கேன் கேனா அடுத்தவங்க செடிக்கு ஊத்துறான்னா அவன் எதிரியில்லைங்க, வள்ளல்” என்றான் ஸ்பீக்கர்.

கண்ணாடியம்மா அந்தக் கோடிக்கு நடந்தாள். அங்கே தரை மற்ற இடத்தைவிட மேடாக, நிறம் மாறித் தெரிந்தது.

“இங்க மண் கொட்டியிருக்கா?”

“ஆமா. இது பள்ளம். மழை வந்தா குளமா நிக்கும். அப்பாதான் லாரி லாரியாக் கொண்டுவந்து கொட்டிக் குடுத்தார். குளம் தூர் வாரின மண்ணு, செடிக்கு நல்லதுன்னு சொன்னார்.”

“பெட்ரோல்தான்னு முதல்ல யார் சொன்னது?”

“அதுவும் அப்பாதான். கிணத்துத் தண்ணியில ஏதோ வாடை அடிச்சுது. பாசி வாடையா, எலி செத்த வாடையான்னு எனக்குப் பிடிபடல. அப்பா வந்து ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி மூக்குக்கிட்ட வெச்சார். வெச்ச உடனே, ‘இது கார்புரேட்டர் கழுவுற பெட்ரோல், உன் கொழுந்தன் கடைச் சரக்கு’ன்னுட்டார்.” அவள் முகத்தில் முதல் முறையாக ஒரு பெருமை வந்தது. “எங்கப்பா ஆயுசு பூரா பெட்ரோல் பங்க்ல வேலை பாத்தவர். மோந்து பாத்தே கலப்படத்தைச் சொல்லிடுவார். மூக்குக்காரர்னு கேட்டா எல்லாருக்கும் தெரியும்.”

“இப்பவும் பங்க்லதானா?”

“அதை மூடிட்டாங்க. பூமிக்கு அடியில இருந்த டேங்கைக்கூடத் தோண்டி எடுத்துட்டாங்க. அப்பா இப்ப ஏதோ ஒரு யார்டுல காவலுக்கு இருக்கார்.”

கண்ணாடியம்மா களைக்கொத்தை வாங்கி மண்ணைக் கிளறினாள். கொஞ்ச நேரம் எதையோ தேடினாள். பிறகு வேறு எதையோ எடுத்தாள். உள்ளங்கை அளவு காங்கிரீட் சில்லு. அதில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை பட்டையாகப் பெயின்ட்.

“புலிக்குட்டி!” என்றான் ஸ்பீக்கர்.

“குளத்து மண்ணுல என்ன இருக்கும் தம்பி?”

“தவளை.”

“நத்தை ஓடு. தூர் வாரின மண்ணை எங்க கிளறினாலும் உடைஞ்ச நத்தை ஓடு வரும். இதுல ஒண்ணுகூட இல்ல. ஆனா வண்டி மோதாம இருக்கப் பட்டை போட்ட கட்டைச்சுவர் இருக்கு. குளத்துல வண்டி நிறுத்துறாங்களா?”

செடிக்காரிக்கு இது எதுவும் கேட்கவில்லை. அவள் மதில் சுவரையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

*

பங்க் இருந்த இடத்தைத் தகர வேலி மறைத்திருந்தது. உள்ளே டேங்க் எடுத்த குழியை மூடிச் சமன் செய்து, மேலே புதிய கட்டிடத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். காண்ட்ராக்டரின் அலுவலகம் ஒரு தகரப் பெட்டி. வாசலில் இரண்டு சிமென்ட் பூந்தொட்டிகள்.

காண்ட்ராக்டர் மரியாதையான மனிதர். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பேசினார்.

“மண்ணைச் சுத்தம் பண்றது துணி காயப்போடுற மாதிரிதாம்மா. டேங்க் ஒழுகினா சுத்தியிருக்கிற மண்ணெல்லாம் எண்ணெய் குடிச்சிருக்கும். அதைத் தோண்டி யார்டுக்குக் கொண்டுபோயி, பிளாஸ்டிக் விரிப்பு மேல மெல்லிசாப் பரப்பணும். புரட்டிப் புரட்டி விடணும். வெயிலும் காத்தும் பட்டா பெட்ரோல் பறந்துடும். மண்ணு பழைய மண்ணாயிடும்.”

“ஆயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?”

“வாசனைதான். வாசனை போச்சுன்னா வேலை முடிஞ்சுது.”

“யார் மோந்து பாக்குறது?”

“மூக்குக்காரர்தான்! அவர் மூக்கை மீறி இந்த ஊர்ல யார் பேச முடியும்? நானே நேர்ல போயி, கையைப் பிடிச்சுக் கூப்பிட்டு, வேலை போட்டுக் குடுத்தேன்.” காண்ட்ராக்டர் நெஞ்சில் கை வைத்தார். “அவரும் தங்கமான மனுஷன். இவ்வளவு மண்ணு போயிருக்கு, ஒரு தடவைகூட ‘இன்னும் காயணும்’னு ஒரு லோடைத் திருப்பி வெச்சதில்ல.”

கண்ணாடியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினாள்.

“டேங்குக்கு நேர் கீழே இருந்த அடி மண்ணு?”

“அதுவும்தான்.”

“மழைக்காலத்துல எடுத்ததாச்சே. எப்படிக் காய வெச்சீங்க?”

“சீக்கிரமாக் காய வெச்சோம்” என்றார் காண்ட்ராக்டர். சிரிப்பு அப்படியே இருந்தது.

“ஆய்வுக்கூடத்துக்கு?”

“ஒரு பாட்டில் மண்ணு அனுப்பினோம். ரொம்பச் சுத்தம்னு பதில் வந்துச்சு.”

வெளியே வந்ததும் ஸ்பீக்கர் ஒரு பூந்தொட்டியின் முன்னால் நின்றுவிட்டான். செடிக்குப் பக்கத்தில் மண்ணில் ஒரு பள்ளம், சரியாக ஒரு பாட்டில் வாய் அகலத்துக்கு.

“ஏங்கக்கா, இந்த ஆள் பூச்செடிக்கும் ரத்தப் பரிசோதனை செஞ்சிருக்கார் போல.”

“வண்டியை எடு.”

“எங்கே?”

“இவ்வளவு மண்ணை மோந்து பாத்தும் ஒண்ணைக்கூட வேண்டாம்னு சொல்லாத மனுஷனைப் பாக்கணும். தினமும் சமையலை ருசி பாத்துட்டு ஒரு நாளும் உப்பு கம்மின்னு சொல்லாத ஆள் எங்கயாவது இருக்கானா?”

“கல்யாணமானவங்க எல்லாம் அப்படித்தான்க்கா.”

*

யார்டு ஊருக்கு வெளியே ஒரு பொட்டல். கறுப்பு பிளாஸ்டிக் விரிப்புகள் காற்றில் படபடத்தன. அதன்மேல் பாத்தி பாத்தியாகப் பரப்பிய மண். கிட்டே போகும்போதே கண் எரிந்தது. ஸ்பீக்கர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். கோடியில் ஓர் ஓலைத் தடுப்புப் போட்ட சிறு அறை. கதவு சாத்தியிருந்தது. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

“ஒரு சிகரெட் பிடிச்சாத்தான் இந்த நாத்தம் போகும்” என்று சொல்லி, ஸ்பீக்கர் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டே கதவைத் தள்ளினான்.

அடுத்த நொடி கண்ணாடியம்மா அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். தீப்பெட்டி எகிறி வெளியே மண்ணில் விழுந்தது.

“கேஸ்!”

அறை முழுக்க சமையல் கேஸ் நெடி. அடுப்பின் திருகு திறந்திருந்தது. மேலே டீ கெட்டில். கீழே நெருப்பு இல்லை. ஓலை இடுக்கில் வந்த காற்றுக்கு அணைந்திருக்க வேண்டும். ஸ்பீக்கர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாய்ந்து சிலிண்டரை மூடினான். கண்ணாடியம்மா கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டாள்.

அடுப்புக்குப் பக்கத்தில், கட்டிலில், ஒரு முதியவர் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். வெளுத்த சட்டை, அழகாகச் சீவிய நரைமுடி, எடுப்பான நீண்ட மூக்கு.

“யாருங்க? என்ன அவசரம்? உக்காருங்க, டீ கொதிச்சிட்டிருக்கு” என்றார் மூக்குக்காரர்.

ஸ்பீக்கர் வெளியே போய்த் தரையில் உட்கார்ந்தான். “நான் ஓட்டின வண்டியிலயே நான் படுத்துட்டுப் போயிருப்பேன்” என்றான். அவன் ஜோக் சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வராதது அன்றைக்குத்தான்.

கண்ணாடியம்மா முதியவரின் எதிரே உட்கார்ந்தாள். தான் யார், யாருக்காக வந்திருக்கிறாள் என்று சொன்னாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“ஐயா, எத்தனை நாளா மூக்குக்கு வாசனை தெரியல?”

“யாருக்கு? எனக்கா?” அவர் சிரித்தார். “ஜலதோஷம்மா. நேத்துல இருந்து.”

“கேஸ்ல செத்துப் போயிருப்பீங்க.”

அவர் அடுப்பைப் பார்த்தார், திறந்து கிடந்த கதவைப் பார்த்தார், வெளியே தரையில் உட்கார்ந்திருந்தவனையும் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“பங்க்ல இருந்தப்பவே போயிடுச்சு” என்றார் கடைசியில். “பொழுது விடிஞ்சா பெட்ரோல் ஆவிதானே. முதல்ல பூ வாசனை போச்சு. அப்புறம் சோத்து வாசனை. ஒரு நாள் கையில பெட்ரோல் கொட்டிச்சு, தண்ணி மாதிரி இருந்துச்சு. யாருக்கும் சொல்லல. ஆளுங்க வந்து பாட்டிலை நீட்டுவாங்க. கலரைப் பாப்பேன், விரல்ல தேச்சுப் பாப்பேன், மூக்குக்கிட்ட கொண்டுபோறது சும்மா. பாதி நேரம் சரியாவும் இருக்கும்.”

“காண்ட்ராக்டருக்குத் தெரியுமா?”

“அவனுக்கு எப்படித் தெரியும்? என் மூக்கைக் கேள்விப்பட்டுத்தானே தேடி வந்தான்?”

“வேலைக்குச் சேர்த்த அன்னைக்கு உங்களை ஏதாவது மோந்து பாக்கச் சொன்னாரா?”

“ஆமா. ரெண்டு பாட்டில் குடுத்தான். நான் சொன்னேன், இது பெட்ரோல், இது டீசல்னு. கட்டிப்பிடிச்சான்.”

“ரெண்டுலயும் என்ன இருந்துச்சுன்னு அவர் உங்ககிட்டச் சொன்னாரா?”

ரேடியோ யாருக்காகவோ சந்தோஷமாகப் பாடிக்கொண்டிருந்தது. மூக்குக்காரர் கையை நீட்டி அதை அணைத்தார்.

“அதுக்குத்தான் என்னைத் தேடி வந்தானா?” என்றார். “மூக்கு இருக்கிறவன் வேண்டாம்னுதானா?”

கண்ணாடியம்மா ஜன்னல் வழியாக மண் பாத்திகளைப் பார்த்தாள்.

“வெளிய மண்ணு கொட்ட வண்டிச் செலவு ஆகும், உன் மகளுக்குப் பள்ளம் இருக்காமேன்னு அவனாத்தான் கேட்டான். நல்ல மண்ணுன்னு நினைச்சுத்தாம்மா அனுப்பினேன். பங்க் மண்ணுன்னு சொன்னா வேண்டாம்பா, அதான் குளத்து மண்ணுன்னு சொல்லிட்டேன்.” அவர் இரண்டு கைகளையும் கூப்பினார். “மககிட்டச் சொல்லிடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“சாயங்காலம் அவங்க கொழுந்தன் கடைக்குச் சீல் வைக்கப் போறாங்க.”

“அவன் வாய்க்கொழுப்புப் பிடிச்சவன். எங்கயும் பிழைச்சுக்குவான்.”

“நான் சொல்லல ஐயா” என்றாள் கண்ணாடியம்மா எழுந்துகொண்டே. “நீங்களே வந்து சொல்லுங்க. வண்டி வெளியே நிக்குது.”

நீண்ட நேரம் கழித்து, அவர் சட்டையை உதறிக்கொண்டு வந்து வேனில் ஏறினார்.

வழியில் ஸ்பீக்கர் தன் கண்ணாடிப் பாட்டிலில் இருந்த பால் இல்லாத டீயை ஒரு வாய் குடித்தான். குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“அப்ப வழக்கு முடிஞ்சுதா அக்கா? பெரியவர் தெரியாம செஞ்சது. அவ்வளவுதானே?”

“ஒரு விஷயம் இடிக்குது” என்றாள் கண்ணாடியம்மா. அது என்ன என்று சொல்லவில்லை. அவன் பாட்டிலையே பார்த்துக்கொண்டு வந்தாள். லேசான தேன் நிறத்தில் டீ குலுங்கியது. “இதுக்கு மேல அதைக் குடிக்காதே” என்றாள்.

*

பண்ணையில் அதிகாரி ஏற்கெனவே வந்திருந்தார். சீல் வைக்கும் அரக்கும் நூலும் ஒரு பையில் தயாராக இருந்தன. ஒர்க் ஷாப்காரன் தெருப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து, எண்ணெய்க் கையோடு நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தான்.

“சீல் வைங்க சார், வைங்க! என் கடை, என் ஸ்பேனர், என் வயிறு, எல்லாத்துக்கும் வைங்க! அந்தக் கடையை விட்டா எனக்கு என்ன இருக்கு? அண்ணன் சாகும்போது இவங்க கையை என் கையில குடுத்து ‘பாத்துக்கடா’ன்னார் சார். நானா இவங்க கிணத்துல ஊத்துவேன்?”

“சத்தம் போடாதீங்க” என்றார் அதிகாரி. “ஆதாரம் யார் கையில இருக்கு?”

“இதோ எங்கப்பா வந்துட்டார்!” செடிக்காரியின் முகம் மலர்ந்தது. ஓடிவந்து மூக்குக்காரரின் கையைப் பிடித்தாள். “ஆதாரம் எதுக்கு சார்? எங்கப்பா மூக்கு போதும். அப்பா, சார்கிட்டச் சொல்லுங்க.”

மூக்குக்காரர் கண்ணாடியம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் வேறு எங்கோ பார்த்தாள். உண்மையைச் சொல்ல அவருக்குச் சந்தர்ப்பம் இருந்தது. எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் சொல்லவில்லை.

“மோந்து சொல்லட்டுமே!” என்று வெடித்தான் ஒர்க் ஷாப்காரன். “என் கடைப் பெட்ரோலையும் இந்த மண்ணையும் மோந்து, ரெண்டும் ஒண்ணுன்னு என் முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்!”

“நியாயம்தான்” என்றாள் கண்ணாடியம்மா. “தம்பி, நீ இவரோட போயி, கடையில இருந்து பெட்ரோல் வாங்கிட்டு வா.” போகும்போது ஸ்பீக்கரின் காதில் இரண்டு வார்த்தை சொன்னாள். அவன் ஒரு கணம் தயங்கினான். பிறகு போனான்.

திரும்பி வந்தபோது அவன் கையில் ஒரு பாட்டில் இருந்தது. கழுத்து வரை துணி சுற்றி மூடியிருந்தது. ஒர்க் ஷாப்காரன் பின்னால் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு வந்தான். அதிசயமாக, அவன் எதுவும் பேசவில்லை.

கண்ணாடியம்மா செத்த செடியின் அடியில் ஆழமாகக் கிளறி ஒரு பிடி மண்ணை எடுத்து முதியவரின் இடது கையில் வைத்தாள். வலது கையில் பாட்டிலைக் கொடுத்து மூடியைத் திறந்தாள். மண்ணிலிருந்து கிளம்பிய நெடியில் அதிகாரி ஓரடி பின்வாங்கினார்.

“ஐயா, இப்பக்கூட உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் சொல்லலாம்” என்றாள்.

மூக்குக்காரர் மகளைப் பார்த்தார். அவள் கண்ணில் அதே பழைய பெருமை. அவர் முதலில் மண்ணை முகர்ந்தார். பிறகு பாட்டிலை முகர்ந்தார். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, மெதுவாக, கைதேர்ந்த ஒருவர் முகர்வது போலவே முகர்ந்தார். பார்க்க அழகாக இருந்தது.

“இதேதான்” என்றார். “இவன் கடைப் பெட்ரோல்தான். சந்தேகமே இல்ல.”

“கேட்டுக்கிட்டீங்களா சார்?” என்றாள் செடிக்காரி.

கண்ணாடியம்மா பாட்டிலை வாங்கி அவளிடம் நீட்டினாள்.

செடிக்காரி அதை வாங்கினாள். மூக்கைச் சுளிக்கத் தயாராக முகத்தருகே கொண்டுபோனாள். முகம் சுளிக்கவில்லை. மறுபடி முகர்ந்தாள். ஒரு சொட்டு விரலில் விட்டு நாக்கில் வைத்தாள்.

“டீ” என்றாள்.

ஸ்பீக்கருக்கு ஒரு ஜோக் வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டான்.

“அப்பா, இது டீப்பா. பெட்ரோல் இல்ல.” அவள் இன்னும் சிரிக்கத்தான் முயன்றாள். “ஜலதோஷமா? அந்த மண்ணு? இங்க வரைக்கும் அடிக்குதே, அதாவது தெரியுதா?”

அவர் கையிலிருந்த மண் விரலிடுக்கில் உதிர்ந்துகொண்டிருந்தது.

“எனக்கு வாசனை போயி ரொம்ப காலம் ஆச்சும்மா.”

“அதனால என்னப்பா? வயசானா போறதுதான்...” என்று ஆரம்பித்தவள் நின்றாள். நெற்றி சுருங்கியது. அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி, மேடாகக் கிடந்த மண்ணைப் பார்த்தாள். பிறகு கம்பி சுற்றிய கதவைப் பார்த்தாள்.

“அப்ப அன்னைக்கு எப்படிச் சொன்னீங்க?”

அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள்.

“எனக்கே என்ன வாடைன்னு தெரியல. நீங்க வந்து பெட்ரோல்னு சொன்னீங்க. மூக்கு இல்லாம எப்படிப்பா தெரிஞ்சுது?” குரல் உயரவில்லை. இறங்கிக்கொண்டே போனது. “மண்ணுல என்ன இருக்குன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுதான் அவன் பேரைச் சொன்னீங்க.”

“முதல்ல தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. செடி சாக ஆரம்பிச்சப்புறம்தான் பங்க் மண்ணு காயலன்னு புரிஞ்சுது” என்றார் மூக்குக்காரர். “மூக்கும் இல்ல, நான் குடுத்த மண்ணே உன் பிழைப்பைக் கெடுத்துடுச்சுன்னு தெரிஞ்சா, அப்புறம் நான் யாரும்மா உனக்கு? அவன் பக்கத்துல இருந்தான். கடையில பெட்ரோல் இருந்துச்சு. வாயில வந்துடுச்சு.”

“இப்ப? இப்பவும் வாயில வந்துச்சா?”

அவர் செடித்தொட்டி அடுக்கிய பலகையின் விளிம்பில் உட்கார்ந்தார்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். “அப்ப சீல்?”

“வைக்கணும்னா அந்தக் காண்ட்ராக்டர் வாசல்ல ரெண்டு பூந்தொட்டி இருக்குங்க. ஒண்ணுல பள்ளம்கூடத் தயாரா இருக்கு” என்றான் ஸ்பீக்கர்.

“பங்க் நிலம் வேற பிரிவுங்க. அது எங்க வேலையில்ல.” அதிகாரி அரக்கையும் நூலையும் பைக்குள் போட்டார். “இந்த மண்ணை மொத்தமாத் தோண்டி எடுக்கணும். கிணத்துத் தண்ணியைத் தொடாதீங்க.”

“யார் சார் எடுக்கிறது?” என்றாள் செடிக்காரி.

அதற்கும் ஒரு பிரிவு இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. வண்டியை நோக்கி நடந்தார்.

செடிக்காரி அப்பாவைப் பார்க்காமல் அவரைக் கடந்து போனாள். மதில் சுவர்க் கதவின் முன்னால் குனிந்து, முறுக்கிய கம்பியை அவிழ்க்க ஆரம்பித்தாள். துருப்பிடித்த கம்பி எளிதில் வரவில்லை. விரலில் குத்தி ரத்தம் வந்தது. ஸ்பீக்கர் உதவிக்குப் போகக் காலெடுத்தான். கண்ணாடியம்மா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். சுற்றுச் சுற்றாகக் கம்பி கழன்று விழுந்தது. அவள் கதவைத் தள்ளினாள். கீல் கிறீச்சிட்டது. அந்தப் பக்கம் ஒர்க் ஷாப்பின் எண்ணெய் படிந்த தரையும், பாதி பிரித்துப்போட்ட ஒரு வண்டியும் தெரிந்தன.

“தம்பி...” என்றாள்.

ஒர்க் ஷாப்காரன் அவளைப் பார்த்தான். கத்தப் போகிறான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கண்ணாடியம்மாவுக்குத் தோன்றியது. அவன் இடுப்பில் செருகியிருந்த எண்ணெய்த் துணியை எடுத்து, கையை நிதானமாக, விரல் விரலாகத் துடைத்துக்கொண்டான். திறந்த கதவை ஒரு முறை பார்த்தான்.

பிறகு திரும்பி, செத்த செடிகளின் ஓரமாக நடந்து, தெருவைச் சுற்றிக்கொண்டு போனான்.